ஒரு கால் தரையில்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர் ஈரோட்டுக்காரர், முன்னாள் வேகநடை வீரர். ரயில்வே அணிக்காகப் பதினான்கு ஆண்டுகள் 20 கிலோமீட்டர் நடந்தவர். அவருடைய சிறந்த நேரம் 1 மணி 31 நிமிடம் 40 விநாடி. இப்போது மாவட்ட, மாநிலப் போட்டிகளில் நடை நடுவராக இருக்கிறார்.

என் மகன் பத்தாவது படிக்கிறான். பி.இ.டி. மாஸ்டர் அவனை நடைப் போட்டிக்குப் பழக்குகிறார். இடுப்பை ஆட்டி ஆட்டி அவன் ரோட்டில் போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. எனக்கே கூச்சமாக இருக்கிறது. இதில் எதிர்காலம் ஏதாவது உண்டா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

சிரிக்கட்டும் விடுங்கள் அம்மா. நான் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் நடக்கப் பழகிய நாட்களில், மஞ்சள் காட்டில் களை வெட்டும் அக்காமார்கள் கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தர் எழுந்து, "ஏனுங் தம்பி, அவசரமா? அந்தப் பக்கம் மறைவு இருக்குது, போங்க" என்று வரப்பைக் காட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஷூவைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். மூன்றாம் நாள் நானே ஏணி வைத்து எடுத்தேன். நாலைந்து மாதம் போனதும் நான் வரத் தாமதமானால் அதே அக்கா, "இன்னிக்கு என்னங்க லேட்டு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இடுப்பு ஆடுவது ஒயிலுக்காக இல்லை. ஓடுகிறவன் தரையை விட்டு எழும்பி, பறக்கிற அந்த நேரத்தில் அடியின் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறான். எங்களுக்கு எழும்ப அனுமதி கிடையாது. அதனால் அந்த நீளத்தை இடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வலது கால் முன்னே போகும்போது வலது இடுப்பும் கூடவே முன்னே திரும்பும். அதில் ஒவ்வொரு அடிக்கும் சில விரற்கடை கூடுதலாகக் கிடைக்கும். பையனை ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் கோட்டில் விழுந்தால் இடுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனியாக விழுந்தால் அது சந்தைக்குப் போகிற நடைதான். எனக்கு வெள்ளைக் கோடு கிடையாது, வாய்க்கால் கரைப் புழுதிதான். நடந்து முடித்துத் திரும்பும்போது என் சுவட்டை நானே பார்த்துக்கொண்டு வருவேன்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். உத்தராகண்டின் மனீஷ் ராவத் பத்ரிநாத் பக்கம் ஓட்டலில் பரிமாறிக்கொண்டே பயிற்சி செய்தவர். அவர் நடையைப் பார்த்தும் ஊர் சிரித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் 1:21:21 நேரத்தில் 13-வதாக வந்தார். உத்தரப் பிரதேசத்தின் ராம் பாபுவும் ஓட்டலில் பரிமாறியவர்தான். கொரோனா ஊரடங்கு நேரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண் வெட்டினார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மஞ்சு ராணியோடு சேர்ந்து 35 கிலோமீட்டர் கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

ராணுவம், ரயில்வே, போலீஸ் மூன்றிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கிறது. என் அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார்; எனக்கு மாதச் சம்பளம் வாங்கித் தந்தது இந்த இடுப்பு ஆட்டம்தான். பேரும் புகழும் வருமா என்றால், வராது. பதினான்கு வருடம் நடந்தும் என் சொந்தத் தெருவில் என்னை 'ஓட்டக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்று, பத்தாவது பரீட்சையைக் கோட்டை விட வேண்டாம். வேலைக்குப் போகும் இடத்தில் பதக்கத்தோடு மார்க் ஷீட்டும் கேட்பார்கள்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கண்ணால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கிரிக்கெட்டில் எல்லாவற்றுக்கும் கேமரா இருக்கிறதே?
(பொறியியல் மாணவர், பெருந்துறை)

விதி இரண்டே இரண்டு. ஒன்று, மனிதக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு, முன் கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து, உடம்பு அதன் மேல் நேராக வரும்வரை முட்டி மடங்கக் கூடாது.

முதல் விதியில் 'மனிதக் கண்ணுக்கு' என்கிற சொல்லைக் கவனியுங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உலகச் சாம்பியன்கள் பலரும் ஒரு இமைப்பொழுது அந்தரத்தில்தான் இருப்பார்கள். கேமராவைக் கொண்டுவந்தால் பரிசளிப்பு மேடையில் ஏற ஆள் இருக்காது. அதனால்தான் கண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். இது எனக்குச் சரி என்றே படுகிறது, நான் நடுவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நடந்த காலத்திலும் இதையேதான் சொன்னேன்.

சந்தேகம் வந்தால் மஞ்சள் தட்டைக் காட்டுவோம். அதில் ஒரு பக்கம் அலை மாதிரி நெளிந்த கோடு, கால் எழும்புகிறது என்று அர்த்தம். மறுபக்கம் மடங்கிய கோடு, முட்டி. அது எச்சரிக்கைதான். தப்பு நிச்சயம் என்றால் சிவப்பு அட்டை. அதை வீரரிடம் நீட்ட மாட்டோம், எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்பிவிடுவோம். போட்டிப் பாதையோரம் ஒரு பலகை வைத்திருப்பார்கள், அதில் உங்கள் எண்ணுக்கு எதிரே ஒரு குறி ஏறும். ஒரு நடுவர் ஒரு வீரருக்கு ஒரு சிவப்பு அட்டைதான் போடலாம். மூன்று வேறு வேறு நடுவர்கள் போட்டால் தலைமை நடுவர் சிவப்புத் தட்டைக் காட்டுவார், கதை முடிந்தது. சில வருடங்களாகப் பெரிய போட்டிகளில் 'பெனால்டி ஸோன்' வந்திருக்கிறது. மூன்று அட்டை வாங்கினால் 20 கிலோமீட்டரில் இரண்டு நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும், அப்புறம் தொடரலாம். நாலாவது அட்டைக்கு மன்னிப்பு இல்லை.

உங்கள் ஆதர்சம் யார்?
(வாசகர், திண்டுக்கல்)

ராபர்ட் கோர்செனியோவ்ஸ்கி, போலந்துக்காரர். பெயர் வாயில் நுழையாமல் எங்கள் பயிற்சி முகாமில் அவரைப் 'போலந்து அண்ணன்' என்றே சொல்வோம்.

நாலு ஒலிம்பிக் தங்கம். 1996 அட்லாண்டாவில் 50 கிலோமீட்டர். 2000 சிட்னியில் 20-ம் 50-ம், ஒரு வார இடைவெளியில். ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டையும் வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை. 2004 ஏதென்ஸில், 36 வயதில், மறுபடி 50. அதோடு விலகிவிட்டார். அதற்கு முந்தைய வருடம் பாரிஸில் 3:36:03 என்று உலக சாதனை. சின்ன வயதில் மூட்டு நோயால் கஷ்டப்பட்ட பையன் இவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அவரைப் பிடித்துக்கொண்டது தங்கத்துக்காக இல்லை. 1992 பார்சிலோனா. 50 கிலோமீட்டர் போட்டியில் மூன்றேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் நடந்து, இரண்டாவது ஆளாக மைதானத்துக்குள் நுழைகிறார். வெள்ளி கைக்கு வந்தாயிற்று, மிச்சம் இருப்பது மைதானத்துக்குள் ஒரு சுற்றுச் சொச்சம். அங்கே அவருக்குச் சிவப்புத் தட்டைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 24 வயது. மூன்று வருடம் கழித்து கோதன்பர்க் உலகப் போட்டியில் வெண்கலம், அடுத்த வருடம் அட்லாண்டா. அந்த நாலு வருடம் அவர் எப்படித் தூங்கினார் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு காரியம் எனக்கும் நடந்ததால்.

சிட்னி 20 கிலோமீட்டரில் அவருக்கு நடந்தது நேர் எதிர். கோட்டை முதலில் தொட்டவர் மெக்ஸிகோவின் பெர்னார்டோ செகுரா. நாட்டின் அதிபர் போனில் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே நடுவர் வந்து அவருடைய மூன்றாவது அட்டையைச் சொன்னார். தங்கம் போலந்து அண்ணனுக்குப் போனது. மறுநாள் பேப்பரில் படித்தபோது எனக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை. செகுரா கையில் அந்த போன் இருந்ததே, அதுதான் கண்ணில் நின்றது.

நீங்கள் தகுதி நீக்கம் ஆனதுண்டா? மறைக்காமல் சொல்லவும்.
(வாசகர், கரூர்)

என்ன மறைக்க? நாலு தடவை. மூன்று மறந்துவிட்டது. ஒன்றைச் சொல்கிறேன்.

வடக்கே ஒரு நகரம், ஜனவரி மாதம், விடிகாலை. தேசிய அளவிலான போட்டி. இரண்டு கிலோமீட்டர் சுற்று, பத்துத் தடவை. மூச்சை விட்டால் புகையாகப் போகிற குளிர். எங்கள் ஊர் உடம்புக்கு அது ஆகாது. தொடையின் பின்பக்கம் விறைத்துக்கொண்டே இருந்தது. பதினாலாவது கிலோமீட்டரில் நான் நான்காவது. பலகையில் என் எண்ணுக்கு எதிரே ஒரு குறி, முட்டி. சரி, ஒன்றுதானே என்று நினைத்தேன். பதினாறில் மூன்றாவது இடத்துக்கு வந்தேன். பலகையில் இன்னொரு குறி. அதுவும் முட்டி.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வேகத்தைக் குறைப்பான். எனக்கு முன்னால் போனவனின் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அவன் பனியனில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரின் திருப்பத்தில் ஒரு வயதான நடுவர், குரங்குக் குல்லா போட்டவர், குனிந்து என் காலையே பார்த்தார். பார்த்ததும் கையில் இருந்த அட்டையில் எழுத ஆரம்பித்தார். அவர் பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினார். அதை நான் தாண்டிப் போகும்போதே பார்த்தேன். முடிக்க முந்நூறு மீட்டர் இருக்கும்போது தலைமை நடுவர் சிவப்புத் தட்டோடு ரோட்டின் நடுவே நின்றார். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. ஊக்கைக் கழற்ற விரல் வரவில்லை. அவரே கழற்றினார்.

சாயங்காலம் அந்தக் குல்லாக்காரர் விடுதி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். இடது பிட்டத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். உயிர் போகிற வலி. "முட்டியில் ஒன்றும் இல்லை. இங்கே செத்துப்போச்சு. இது செத்தால் முட்டி எப்படி நிமிரும்?" என்று உடைந்த இந்தியில் சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். எட்டு மாதம் அந்த ஒரு தசைக்காகவே படிக்கட்டு ஏறினேன், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தேன். அடுத்த வருடம் ஐந்தாவதாக முடித்தேன், ஒரு குறிகூட இல்லாமல். மூன்றாவது இடம் எனக்கு வரவே இல்லை.

ரியோவில் தமிழ்நாட்டின் கணபதி கிருஷ்ணன் 20 கிலோமீட்டரில் தகுதி நீக்கமானபோது, 'ஒழுங்காக நடக்கக்கூடத் தெரியாதா' என்று நம் ஆட்களே கிண்டல் அடித்தார்கள். அதே போட்டியில் குர்மீத் சிங்கும் தகுதி நீக்கம் ஆனார். அவர் அந்த வருடம்தான் ஆசிய நடைப் போட்டியில் தங்கம் வாங்கியிருந்தார். கிண்டல் அடித்தவர்கள் யாரும் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற நேரத்தில் ஒரு கிலோமீட்டரையாவது நடந்து பார்க்கட்டும்.

நான் தினமும் காலையில் ஒரு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் நடக்கிறேன். நானும் வேகநடை வீரன்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

உடம்புக்கு ரொம்ப நல்லது ஐயா, விடாதீர்கள். ஜப்பானின் தோஷிகாசு யமானிஷி 2025-ல் 20 கிலோமீட்டரை 1:16:10-ல் நடந்து உலக சாதனை செய்தார். உங்களோடு கிளம்பினால் அவர் 23 நிமிடத்தில் டீக்கடைக்கு வந்துவிடுவார். நீங்கள் வருவதற்குள் பேப்பரை இணைப்போடு படித்து முடித்திருப்பார்.

பயிற்சி ஆரம்பித்து இரண்டு வாரம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தீ வைத்த மாதிரி எரிகிறது. என்ன ஷூ வாங்கலாம்?
(கல்லூரி மாணவி, நாமக்கல்)

எல்லோருக்கும் எரியும். குதிகால் விழும்போது பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். சாதாரண நடையில் அதற்கு இவ்வளவு வேலை இல்லை. தூரத்தைக் குறை, தினமும் சுவரோரம் குதிகாலில் நின்று முன்பாதத்தை முப்பது தடவை தூக்கி இறக்கு. எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் சுரீர் என்று வலித்தால் மட்டும் நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

ஷூவில் குதிகால் உயரமாக, மெத்தை மாதிரி இருப்பதை வாங்காதே. அடி மெலிந்து, நன்றாக வளைய வேண்டும். விலை பார்த்துப் பயப்படாதே. என் முதல் ஷூ கேன்வாஸ்தான். எங்கள் ஷூ எல்லாம் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் தேயும். தேய்ந்த ஓரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செருப்புத் தைப்பவரிடம் டியூப் ரப்பர் வெட்டி ஒட்டி வாங்கிக்கொள்வேன். ஒரு ஜோடிக்கு நாலு ஒட்டு. அவர்தான் ஒரு நாள், "இடது ஷூ சீக்கிரம் தேயுதே, அந்தக் கால் கோளாறா?" என்று கேட்டார். குல்லாக்கார நடுவருக்கு ஒரு வருடம் முன்பே கேட்டார்! நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ கேட்காமலே ஒன்று. நீண்ட தூரம் போகும் நாளில் தொடை இடுக்கிலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள். மறந்தால் குளிக்கும்போது தெரியும்.

பெண்களுக்கு இந்த விளையாட்டில் இடம் எப்படி?
(வாசகி, மதுரை)

பிரியங்கா கோஸ்வாமி ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துகொண்டிருந்தவர். நடைப் போட்டியில் ஜெயித்தால் பை பரிசாகக் கிடைக்கிறது என்று இந்தப் பக்கம் வந்தவர். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரை 43:38.83-ல் நடந்து வெள்ளி வாங்கினார். 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் குஷ்பீர் கவுருக்கும் வெள்ளி. கணக்குப் பார்த்தால் சமீப காலத்தில் பெண்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும், ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில். சிட்னியில், சொந்த ஊரில், 20 கிலோமீட்டரில் முதல் ஆளாக வருகிறார். மைதானத்துக்குள் போகும் சுரங்கப் பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். உள்ளே லட்சம் பேர் காத்திருக்கிறார்கள். அங்கே சிவப்புத் தட்டு. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாலு வருடம் கழித்து ஏதென்ஸில் வெண்கலம் வாங்கிக்கொண்டு போனார்.

50 கிலோமீட்டர் போட்டியை ஏன் எடுத்துவிட்டார்கள்?
(வாசகர், திருநெல்வேலி)

ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 50 இல்லாமல் ஆண்களுக்கு மட்டும் இருந்தது. சமமாக்க வேண்டும் என்றார்கள். பெண்களுக்கும் வைத்துச் சமமாக்கியிருக்கலாம், எடுத்துவிட்டுச் சமமாக்கினார்கள். நாலு மணி நேரம் டி.வி.யில் யார் பார்ப்பார்கள் என்ற கவலையும் உண்டு. கடைசி 50, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக 2021-ல் சப்போரோவில் நடந்தது. ஜெயித்தவர் டாவிட் டோமாலா, 3:50:08. அவரும் போலந்துக்காரர் என்பதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி. 2026 முதல் உலகப் போட்டிகளில் 20-ம் 35-ம் போய், அரை மாரத்தான், மாரத்தான் தூரங்கள் வருகின்றன. பழைய சாதனைப் பட்டியலோடு ஒப்பிட முடியாதே என்று என்னைப் போன்ற கிழங்களுக்கு வருத்தம். நடக்கிற பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை.

சார், போன மாதம் மாவட்டப் போட்டியில் 5000 மீட்டர் நடையில் எனக்குச் சிவப்பு அட்டை போட்டது நீங்கள்தானே? நான் ஒழுங்காகத்தான் நடந்தேன். என் சித்தப்பா எடுத்த வீடியோ இருக்கிறது.
(பள்ளி மாணவர், பவானி)

நான்தான் கண்ணு. ஒன்பதாவது சுற்று, இரண்டாவது வளைவு. மஞ்சள் தட்டை ஆறாவது சுற்றிலேயே காட்டினேன், நீ என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நடந்த பையனைப் பார்த்துக்கொண்டு போனாய். வலது முட்டி, தரையைத் தொடும்போது மடங்கியே இருக்கிறது. வேகம் கூட்டும்போது மட்டும்தான். மூச்சு வாங்கினால் தோள் காதுவரை ஏறிவிடுகிறது, கை குறுக்கே வீசுகிறது, அதற்கு ஈடுகட்ட முட்டி மடங்குகிறது. வீடியோவை மதிக்க எனக்கு விதி இல்லை. ஆனால் நீ பார்க்கலாம். சித்தப்பாவை அடுத்த தடவை பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து எடுக்கச் சொல். வெயிலுக்கு எதிரே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் காலிங்கராயன் வாய்க்கால் கரைக்கு நான் வருவேன். வாயேன். பழைய ஷூவையும் எடுத்து வா, அடியைப் பார்க்க வேண்டும்.